கோயில் அரிசி

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த வருஷம் என்னைக் கெடுத்தது நீளமான வாய் இல்லை, நாலே வார்த்தையில் சொன்ன ஒரு பொய்.

எண்பத்தைந்தாம் வருஷம் மே மாதம் என் ஒரே மகள் லூர்து மேரியைப் பாலக்கோட்டில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை ஞானராஜுக்குத் தக்காளி மண்டியில் வேலை. தங்கமான பிள்ளைதான், ஆனால் அவனுடைய அம்மா ராயம்மாள் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான். கல்யாணமாகி வரும் முதல் கிறிஸ்துமஸுக்குப் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையும், பெண்ணுக்கும் சம்பந்திக்கும் சேலையும் தட்டில் வைத்து எடுத்துப் போய் அழைக்க வேண்டும். அழைத்தால்தான் பெண்ணை அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். வெறுங்கையோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

மேரி போனதிலிருந்து ஒரு நாள்கூட எங்கள் ஊர் அதியமான்கோட்டைக்கு வரவில்லை. அக்டோபரில் ஒரு கார்டு போட்டாள். மூன்று மாதம் ஆகிறதாம், எதைத் தின்றாலும் குமட்டுகிறதாம். ‘உன் கையால ஒருவாய் புளிக்கொழம்பு சோறு தின்னணும்மா. கிறிஸ்துமசுக்கு எப்படியாவது வந்து கூட்டிக்கிட்டுப் போ’ என்று எழுதியிருந்தாள். அந்த ‘எப்படியாவது’ இருக்கிறதே, அது என் நெஞ்சில் தைத்துவிட்டது. என் பிள்ளையின் கஷ்டம் எனக்குத் தெரியாதா?

நான் ஜூனிலிருந்தே சேர்க்கத் தொடங்கியிருந்தேன். நல்லம்பள்ளியில் கிருஷ்ணப்பன் மண்டியில் புளி கொட்டை எடுத்தேன். மழை பெய்த பிறகு கடலைக்காய் பறிக்கப் போனேன். வீட்டில் நாலு கோழி. ஒரு முட்டையைக்கூட வாயில் வைக்காமல் விற்றேன். சம்பாதிப்பது பெரிய காரியமே இல்லை. சம்பாதித்ததை என் வீட்டுக்காரர் சவரியிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரிய காரியம். தர்மபுரியில் மூட்டை தூக்குகிற மனுஷன், கூலியில் பாதியைச் சாராயக் கடையில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். காசைப் பருப்பு டப்பாவில் வைத்தாலும் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாலும் அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் வாராவாரம் கிடைத்த காசை அரிசியாக வாங்கி, அடுப்படி மூலையில் பெரிய பானையில் கொட்டி வைத்தேன். வண்டு வராமல் இருக்க வேப்பிலை போட்டேன். ரோட்டோரத்து லாரி ஓட்டல்காரர், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

ஒரு நாள் சவரி பானைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்றால் எவ்வளவு வரும் என்று அவர் கண்ணே கணக்குப் போட்டது.

“தொடாதீங்க. அது கோயில் அரிசி” என்றேன்.

எங்கள் வேதக்காரர் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியாக எடுத்து வைப்போம். பிடி அரிசி என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை சிஸ்டர்மார் வந்து அநாதைப் பிள்ளைகளுக்கென்று வாங்கிப் போவார்கள். சவரி நெருப்பைத் தொட்டவர் போலக் கையை உதறி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பெண்டாட்டி காசைத் திருடுவாரே தவிர, கோயில் பொருளைத் தொடமாட்டார். அடி ரோசம்மா, பிழைத்தாயடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

டிசம்பர் முதல் வாரம் மூட்டை விழுந்து அவர் கால் வீங்கிவிட்டது. சாராயக் கடைக்கு நடக்க முடியாமல் நாலு நாள் வீட்டிலேயே கிடந்தார். குடிக்காத மனுஷனுக்குப் பக்தி வந்துவிட்டது. நான் வேலைக்குப் போயிருந்த நேரம், சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் பெரியநாயகமும் இரண்டு சிஸ்டர்களும் சாக்கோடு எங்கள் தெருவுக்குப் பிடி அரிசி வாங்க வந்திருக்கிறார்கள். நான் வீடு திரும்பியபோது பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

“ஏமே, ஊருலயே நம்ம வூட்டு அரிசிதான் அதிகமாம். சிஸ்டருங்க அசந்துட்டாங்க” என்றார் சவரி. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எதைச் சொல்லித் திட்டுவது?

உபதேசியார் வீட்டுக்கு ஓடினேன். அரிசி அப்போதே வேனில் ஏறிப் போய்விட்டதாம். என்ன விஷயம் என்று கேட்டார். கடவுள் பேரைச் சொல்லிப் புருஷனை ஏமாற்றினேன், அந்த அரிசியைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அதுவும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் தின்னப்போகிற சோற்றை? சும்மாதான் வந்தேன் என்று சொல்லித் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் என் பெயரைச் சொன்னார். கூலி வேலை செய்கிற குடும்பம் இவ்வளவு கொடுத்திருக்கிறது, வசதி இருக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக நான் உட்கார்ந்திருந்தேன்.

மிச்சம் இருந்தது இரண்டு வாரம். கிருஷ்ணப்பன் மண்டியில் வேலை இல்லை, பொங்கல் கழித்து வா என்றார்கள். தக்காளி பறிக்கலாம் என்று போனால், விலை விழுந்து தோட்டக்காரர்கள் பழத்தைச் செடியிலேயே விட்டிருந்தார்கள். ஓட்டலில் பாத்திரம் தேய்த்தேன். அந்தக் காசில் மாப்பிள்ளைக்கு ஒரு துண்டுதான் எடுக்க முடிந்தது. ஒரு கோழியின் காலைக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு, கையால் சுட்ட முறுக்கோடு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

ராயம்மாள் வாங்க என்றாள், பாய் போட்டாள், காப்பி கொடுத்தாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. துண்டைத் தொட்டுப் பார்த்து அப்படியே தட்டில் வைத்தாள். இந்த வருஷம் கொஞ்சம் முடியாமல் போய்விட்டது, ஈஸ்டருக்குள் செய்துவிடுகிறேன், பிள்ளையை மட்டும் நாலு நாள் அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை. அன்றைக்குக் கெஞ்சினேன்.

“முடியலன்னு சொல்லாதீங்க சம்பந்தி. உங்க ஊரு உபதேசியாரு போன வாரம் மீட்டிங்குக்கு இங்க வந்திருந்தாரு. பானை பானையா அரிசி குடுத்தீங்களாமே, கோயில்ல கை தட்டினாங்களாமே. ஊரு மெச்சக் குடுக்க இருக்குது, எம் பையனுக்கு ஒரு வேட்டி எடுக்க இல்லீங்களா?”

அவள் கேட்டதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் சவரியின் குடியையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பார்க்க வந்தபோது, எங்கள் வீட்டில் குடி என்ற பேச்சே கிடையாது என்று சொன்னவளும் நான்தான். குடிகாரன் மகள் என்ற பெயரோடு என் பிள்ளை அந்த வீட்டில் குப்பை கொட்ட வேண்டுமா?

மேரி உள்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வயிறு லேசாகத் தெரிந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஊருக்குப் போக எடுத்து வைத்த துணிப்பை அவள் காலடியில் இருந்தது.

“நெஜமாம்மா? நீயா குடுத்த?”

என் வாய் நீளம் எங்கே போனது என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமாண்டி, நான்தான் குடுத்தேன்” என்றேன்.

மேரி குனிந்து துணிப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.