பிரான்சிலிருந்து வந்த அடப்டர்

நிசாந்தினி மல்லாவிச் சந்தியில் வீடியோக் கடை வைத்திருக்கிறாள். கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் அவளுடைய கமராவுக்குள்ளால்தான் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போகும். எடுத்ததைப் பத்திரமாக வைக்கவென்று, வவுனியாவில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய சேர்வரை வாங்கி வைத்திருந்தாள். பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம். மாரி மின்னல் ஒன்று வந்து அதன் மதர்போட்டை எரித்துவிட்டுப் போனது. உள்ளேயிருந்த ஹாட் டிஸ்க்குகள் தப்பிவிட்டன. ஆனால் சேர்வர் டிஸ்க்கைச் சாதாரணக் கம்பியூட்டரில் கொழுவ முடியாது. பார்த்தால் வாய் ஒரே மாதிரித்தான் இருக்கும், வயர் உள்ளே இறங்காது.

அவற்றில் ஒன்றுக்குள் அக்கராயனைச் சேர்ந்த செல்வநாயகத்தின் செத்தவீடு இருந்தது. வேறு பிரதி இல்லை. அன்றைக்கு அடைமழை, நேரலையும் பாதியில் அறுந்துவிட்டது. பிரான்சிலிருந்த ஒரே மகன் குகதாசன், அதன்பிறகு வீடியோவே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இப்போது வருசம் முடிந்து ஆட்டைத்திவசம் நெருங்க, அப்பாவின் முகத்தை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று கேட்கிறான். பிரான்சில் இருக்க விசா கிடைத்தும் ஊருக்கு வராதவன் அவன். வருவதற்குப் பதிலாக எதையாவது அனுப்பிக்கொண்டிருப்பான்.

இந்தமுறை அனுப்பியது ஓர் அடப்டர். லீவில் வந்த ஒருவரிடம் சொக்கிலேற்றோடு சேர்த்துக் கொடுத்துவிட்டிருந்தான். தாய் அமராவதி அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். பிரான்ஸ் சாமான் பழுதாகாது என்பதில் வன்னியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எந்த நாட்டில் செய்தது என்று பெட்டியைத் திருப்பிப் பார்க்கிற வழக்கமும் கிடையாது.

நிசாந்தினிக்குப் பார்த்தவுடனேயே மனம் ஒப்பவில்லை. அது டிஸ்க்கின் வாயை மட்டும்தான் மாற்றும். சேர்வர் டிஸ்க் பேசுகிற பேச்சுக் கம்பியூட்டருக்கு விளங்கவேண்டுமே, அதற்குத் தனிக் கார்ட் வேண்டும். கரண்ட் வயரின் தலையும் பிளாஸ்ரிக்கை உருக்கி வார்த்த மலிவு வகை, உள்ளே கம்பிகள் முட்டிக்கொண்டு கிடந்தாலும் தெரியாது. ஆனால் பெற்ற தாயின் முகத்துக்கு நேரே, உங்கள் மகன் அனுப்பியது உதவாது என்று எப்படிச் சொல்வது? வெளிநாட்டிலிருந்து வந்ததைத் திருப்பிக் கொடுப்பது, வீட்டுக்கு வந்த ஆளை வாசற்படலையோடு திருப்பி அனுப்புவது மாதிரி. வெறும் டிஸ்க் ஒன்றை எடுத்து முதலில் அதில் கொழுவிப் பார்த்தாள்.

கம்பியூட்டர் டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தது. பாய்ந்து சுவிச்சை நிறுத்தினாள். வயரின் தலை உருகி ஒட்டியிருந்தது. செல்வநாயகத்தின் டிஸ்க்கைக் கொழுவியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அமராவதி கருகிய வயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவனுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை," என்றார். "தேப்பனுக்கெண்டு அவன் செய்தது இது ஒண்டுதான்."

நிசாந்தினி கருகிய வயரை வெட்டி எடுத்தாள். சாமான் விஷயத்தில் பொய் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. அந்தப் பிடிவாதத்தால், கடைக்கு வந்த வேலைகள் சிலதையும் கைவிட்டிருக்கிறாள்.

மறுநாள் வவுனியாவுக்குப் போனாள். பழைய சேர்வர்களைக் கழற்றி விற்கிற கடையில் இரண்டு கார்ட் காட்டினார்கள். ஒன்று புத்தம் புதியது, மினுங்கியது, யார் செய்தது என்ற அடையாளமே இல்லை. மற்றது சேர்வரொன்றிலிருந்து கழற்றியது. தூசியைத் துடைக்கக் கம்பனியின் பெயரும் இலக்கமும் தெளிவாகத் தெரிந்தன. கொண்டுபோன இன்னொரு வெறும் டிஸ்க்கை அந்தப் பழையதில் அங்கேயே கொழுவச் சொல்லி, பெரிய வீடியோ ஒன்றை ஏற்றி, திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். வயரிலும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே இறுக்கியிருப்பதைக் கண்ணால் கண்டபிறகே வாங்கினாள். கடைக்காரர் அலுத்துக்கொண்டார். அலுக்கட்டும்.

அடுத்தநாள் அமராவதி வந்து கதிரையில் இருக்க, அந்தக் கார்ட்டில் கொழுவிய செல்வநாயகத்தின் டிஸ்க் திறந்தது. முதல் வேலையாக இரண்டு இடத்தில் பிரதி எடுத்தாள். பிறகு குகதாசனை அழைத்து, போனைத் திரைக்கு நேரே பிடித்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே செல்வநாயகம் நெற்றி நிறையத் திருநீற்றோடு கிடந்தார். குகதாசன் வாய்விட்டு அழுதான். நிசாந்தினிக்கும் அழுகை வந்தது.

அழுது ஓய்ந்தபின், தான் அனுப்பியது வேலை செய்ததோ என்று கேட்டான். நிசாந்தினி அமராவதியைப் பார்த்தாள். அவருடைய கண் கெஞ்சியது.

"ஓம் அண்ணா," என்றாள்.

குகதாசனின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியென்றால் கடைக்கு இன்னும் ஒரு பெட்டி நிறைய அடப்டர் அனுப்புகிறேன், அம்மாவுக்கும் ஒரு பார்சல் போடுகிறேன், என்ன வேண்டும் சொல்லுங்கோ என்று அடுக்கிக்கொண்டே போனான். நிசாந்தினி அமராவதியைத் திரும்பவும் பார்த்தாள். இன்னும் எத்தனை பேருடைய கலியாணமும் செத்தவீடும் கருகப்போகின்றனவோ?

அமராவதி போனை அவளுடைய கையிலிருந்து வாங்கினார்.

"ஒண்டும் அனுப்பாதை ராசா. நீ அனுப்பினது எரிஞ்சு போச்சு. இந்தப் பிள்ளை வவுனியா போய் வேறை வாங்கியந்துதான் கொப்பரின்ரை முகத்தைக் காட்டினது," என்றார். "எனக்குச் சாமான் வேண்டாம். நீ வா."