கிழவனுக்குப் போட்ட சட்டை

டிசம்பர் 27, சனிக்கிழமை. இன்று ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. பொம்மைக்குத் துணி எடுத்தபோது அம்மாக்களிடம் காட்டவில்லை.

இந்த வரிகளை எழுதிவிட்டுப் பெத்சபே பேனாவை மூடினாள். கன்னம் இன்னும் எரிந்தது. நடந்ததை வரிசையாக எழுதினால் எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும் என்று மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வரிசை என்றால் அவளுக்கு உயிர். ஆனால் தவறு உண்மையிலேயே சின்னதுதானா என்ற முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டாள்.

காலையில் மருந்துக்கடை வேலை, மாலையில் உளவியல் வகுப்பு, சனிக்கிழமை மதியம் இந்தக் கூடம். இருபத்திரண்டு வயதில் அவளுடைய வாரம் இப்படித்தான் ஓடியது. குவாயாகில் நகரத்தின் தெற்கே, உப்போடையை ஒட்டிய தேவாலயத்தின் பின்கட்டு அது. வீட்டில் ஒருவரைத் துப்பாக்கிக்கோ கத்திக்கோ பறிகொடுத்த பிள்ளைகள் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காருவார்கள். அவர்களுடைய அம்மாக்கள் அந்தப் பக்கம். பிள்ளைகள் பக்கத்துச் சுவரில் பழைய மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், ஆத்திரம் தீர அடிப்பதற்கு.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி விதி உண்டு. செத்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது அம்மாக்களுடையது. பிள்ளைகளுடையதை அவர்களே கை தூக்கி முடிவு செய்தார்கள்: மெத்தையை அடி, பொம்மையை அடி, ஆளை அடிக்காதே, ஆளை அடித்தால் வெளியே, திரும்பி வரக் கூடாது.

வருஷக் கடைசியில் ஊரே பழைய சட்டையிலும் கால்சட்டையிலும் மரத்தூளைத் திணித்துக் கிழவன் பொம்மை செய்யும். போகிற வருஷம்தான் கிழவன். வாசலில் உட்காரவைத்துத் திட்டுவார்கள், உதைப்பார்கள், முப்பத்தொன்றாம் தேதி நடுராத்திரி கொளுத்துவார்கள். ஆண்பிள்ளைகள் கறுப்பு உடுப்பில் விதவை வேஷம் போட்டு, "என் புருஷன் போறானே" என்று தெருவில் அழுது காசு கேட்பார்கள்.

"இந்த வருஷம் நானே போறேன்டி, வேஷச் செலவு மிச்சம்" என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் யெசேனியா சொன்னாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கார்லோட்டாதான். அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை.

யெசேனியாவின் புருஷன் வில்மர் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஓட்டியவன். ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலம் வாசலில் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுவிட்டுப் போனார்கள். மகள் மைலிக்குப் பத்து வயது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டில் வாய் திறப்பதில்லை. தெருமுனையில் நிற்கும் பையன்கள் அவள் கையில் ஒரு செல்போனைக் கொடுத்திருந்தார்கள். போலீஸ் வண்டி வந்தால் சொல்ல வேண்டும், வேறு வேலை இல்லை. யெசேனியா அதைப் பிடுங்கி ஓடையில் எறிந்தாள். மறுநாளே இன்னொன்று வந்தது. மைலி தானாக எழுந்து, முகம் கழுவி, செருப்பு மாட்டிக்கொண்டு வரும் இடம் இந்தக் கூடம் ஒன்றுதான். இதுவும் இல்லையென்றால் தெருமுனைதான் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகள் வருவதற்கு முன்பே பெத்சபே கிழவனைத் தயார் செய்துவைத்தாள். தேவாலயத்துக்கு வந்த பழந்துணி மூட்டையைப் பிரித்து, மேலே கிடந்த நீல அரைக்கைச் சட்டையை எடுத்தாள். அளவு சரியாக இருந்தது. காகிதக்கூழ் முகமூடியைக் கழுத்தில் கட்டி, மெத்தைச் சுவரோரம் நாற்காலியில் உட்காரவைத்தாள். முதலில் அடிப்பது, பிறகு வட்டமாக உட்காருவது, பிறகு பேசுவது என்று திட்டம் போட்டிருந்தாள். மைலி உள்ளே வந்ததும் பொம்மையின் முன்னால் அசையாமல் நின்றாள். பிடித்துப்போய்விட்டது போல என்று பெத்சபே நினைத்துக்கொண்டாள்.

துடைப்பக் கட்டைகளோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

"மிஸ், இவன் மூஞ்சி எங்க கணக்கு வாத்தியார் மாதிரியே இருக்கு. ரெண்டு அடி கூடப் போட்டுக்கட்டுமா?" என்றான் ஜாண்ட்ரி. கார்லோட்டாவின் இளைய மகன், பன்னிரண்டு வயது. அவனுடைய அண்ணன் சிறைக் கலவரத்தில் வெட்டுப்பட்டுச் செத்தவன்.

"முறை வரட்டும். இப்போ மைலி."

மைலி கட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். முதல் அடி வயிற்றில் விழுந்தது. இரண்டாவது நெஞ்சில். மூன்றாவதிலிருந்து எங்கே விழுகிறது என்று பார்க்க முடியவில்லை. சட்டைத் தையல் விட்டு மரத்தூள் கொட்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். கூடத்தில் அவள் குரலைக் கேட்பதே அபூர்வம் என்பதால் மற்றப் பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள்.

"போகாதேன்னு அம்மா சொன்னாங்க இல்ல? சொன்னாங்க இல்ல? டயரை நாளைக்கு மாத்தினா செத்தா போயிடுவே?"

பெத்சபே பொம்மையின் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அந்த நீலச் சட்டையைச் சரியாகப் பார்த்தாள். கையில் கிரீஸ் கறை. வில்மர் உயிரோடிருந்தபோது மருந்துக்கடைக்கு வந்து இருமல் மருந்து கேட்ட நாள் ஒன்றில் போட்டிருந்தது இதே சட்டை.

ஒரு அடி முன்னால் வைத்தாள். அதற்குள் ஜாண்ட்ரி புகுந்துவிட்டான்.

"போதும், நகரு. நீயே எல்லாத்தையும் உடைச்சா நாங்க எதை அடிக்கிறது?"

அவன் வீசிய வீச்சில் முகமூடி பிய்ந்து சுவரில் மோதியது. தலையில்லாத பொம்மை நாற்காலியிலிருந்து சரிந்தது.

மைலி திரும்பினாள். அவள் கட்டை அவனுடைய புருவத்தில் இறங்கியது. அடுத்தது வாயில். அவன் மல்லாந்து விழுந்ததும் கட்டையைப் போட்டுவிட்டு அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, மூடிய கையால் குத்தினாள். "தொடாதே! நீ தொடாதே! நான் மட்டும்தான் அடிப்பேன்!" பெத்சபே பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தாள். விலாவில் ஒரு முழங்கை விழுந்து மூச்சு நின்றது. ஜாண்ட்ரியின் ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவன் பார்வை தெரியாமல் காற்றில் கையை வீசினான். சின்னப் பிள்ளைகள் மெத்தைகளுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்கள்.

சத்தம் கேட்டு அம்மாக்கள் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கார்லோட்டா மகனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு மைலியைப் பார்த்தாள். நேராகப் போய்த் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள்.

"விடுடி என் பொண்ணை!" யெசேனியா அவள் முதுகில் பாய்ந்தாள்.

"பொண்ணா இது? அப்பனை மாதிரியே ரவுடி! சும்மா இருக்கிறவனை எவன்டி தேடி வந்து சுடுவான்?"

 அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் இத்தனை மாதம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓஹோ. உன் மூத்தவன் ஜெயில்ல பூசை வெச்சிட்டிருந்தானோ?" என்றாள் யெசேனியா.

கார்லோட்டா மைலியை விட்டுவிட்டு யெசேனியாவின் வாயில் அறைந்தாள். யெசேனியா அவள் காதைக் கடித்தாள். இரண்டு பேரும் நாற்காலிகளை உருட்டிக்கொண்டு மெத்தையில் மோதினார்கள். ஒருத்தி மற்றவளின் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டாள், மற்றவள் நகத்தால் கழுத்தைக் கீறினாள். விலக்கப் போனவர்களுக்கும் அடி. பெத்சபே "அக்கா, அக்கா" என்று கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

வெளியே தெருவில் யாரோ பண்டிகை வெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள்.

அடுத்த நொடி கூடத்தில் நின்றுகொண்டிருந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் குப்புறக் கிடந்தார்கள். இந்தத் தெருக்களில் சத்தம் கேட்டால் முதலில் படுப்பார்கள், என்ன சத்தம் என்று அப்புறம்தான் யோசிப்பார்கள். கார்லோட்டாவும் யெசேனியாவும் மூக்கோடு மூக்கு உரசத் தரையில் கிடந்தார்கள். முடிப்பிடியை இன்னும் விடவில்லை.

"வெடிதானே?" என்று கார்லோட்டா கிசுகிசுத்தாள்.

"வெடிதான். பொறு, எழுந்திரிக்காதே" என்றாள் யெசேனியா, உதட்டு ரத்தத்தை விழுங்கிக்கொண்டு.

பெத்சபே தலையை மட்டும் தூக்கிப் பிள்ளைகளை எண்ணினாள். மைலி தரையில் படுக்கவில்லை. தலையில்லாத பொம்மையின்மேல் கவிழ்ந்து, கை கால் எல்லாவற்றையும் விரித்து அதை மூடிக்கொண்டிருந்தாள்.

"மைலி, வெடிதான்மா. வா."

"அன்னிக்கு நான் கட்டிலுக்கடியில ஓடிட்டேன்" என்றாள் மைலி, சட்டைக்குள் முகத்தைப் புதைத்தபடி.

யெசேனியா தவழ்ந்து அருகே போனாள். சட்டையைத் தொட்டதும் கை நின்றது. அது யாருடைய சட்டை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

மைலி தலையைத் தூக்கினாள். "நீதானே மூட்டையில போட்டே? வீடு பூராத் தேடினேன். நீ அப்பாவைத் தூக்கிக் குடுத்துட்டே." அம்மாவின் மணிக்கட்டைக் கவ்வி, பல் பதியக் கடித்தாள். யெசேனியா கையை இழுக்கவில்லை.

"அந்த வாசனை வந்தா எனக்குத் தூக்கமே வரல கண்ணு" என்றாள். "உன்கிட்ட கேட்டிருக்கணும். கேக்கல."

கார்லோட்டா எழுந்து மகனுடைய நெற்றியில் துண்டை வைத்து அழுத்தினாள். காதிலிருந்து ரத்தம் தோளில் சொட்டியது. அவள் பெத்சபேயைப் பார்த்துப் பேசினாள். "உங்க விதி என்னது? ஆளை அடிச்சா வெளிய. என் பையனும்தானே கை தூக்கினான்? அடுத்த சனிக்கிழமை இந்தப் பொண்ணு இங்க இருந்தா இவன் இருக்க மாட்டான்."

"அவ வரலேன்னா நானும் வர மாட்டேன்" என்றான் ஜாண்ட்ரி, உதடு வீங்கிய வாயால். "நான் அவளைத் திருப்பி அடிக்க வேணாமா?"

"வாயை மூடு!" என்று கார்லோட்டா அடிபடாத கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

எல்லாக் கண்ணும் பெத்சபேயின்மேல் திரும்பின. இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் விதி தானே வேலையை முடித்துவிடும், அவளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவளுக்கு அதுவும் தோன்றியது.

"கார்லோட்டாக்கா, தப்பு என்னோடது. அது வில்மர் அண்ணனோட சட்டை. யாரையும் கேக்காம நான்தான் பொம்மைக்குப் போட்டேன். தன் அப்பாவை மத்தவங்க அடிக்கிறதைப் பார்த்துத்தான் அவ கை ஓங்கினா. வெளிய போகணும்னா நான்தான் போகணும்."

கார்லோட்டா சட்டையைப் பார்த்தாள்.  பிறகு பெத்சபேயின் கன்னத்தில் விட்ட அறையில் அவளுடைய மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது.

"செத்தவன் துணியை எடுத்து விளையாட்டு பொம்மைக்கா போடுறே? என் பையனோட பனியனைக் குடுங்கன்னு ஜெயில் வாசல்ல மூணு நாள் நின்னேன். ஒரு பொத்தானைக்கூடக் குடுக்கல. தெரியுமா உனக்கு?"

"தெரியாது அக்கா."

"என்னத்தைப் படிச்சியோ போ."

மகனை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். வாசலில் ஒரு முறை நின்றாள். மைலி அம்மாவின் மடியில் உட்கார்ந்து, பொம்மையிலிருந்து சட்டையைப் பொத்தான் பொத்தானாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். கார்லோட்டா அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மீதிப் பிள்ளைகளைப் பெத்சபே வட்டமாக உட்காரவைத்தாள். விதியை என்ன செய்வது என்று கேட்டாள். அடிபட்டவன் இல்லாமல் கை தூக்கக் கூடாது என்றாள் ஒரு சின்னப் பெண். சரியென்று பட்டது. மைலியின் இடம் ஜாண்ட்ரி வருகிற வரைக்கும் முடிவாகாமல் அப்படியே நிற்கிறது. ஜாண்ட்ரி வருவது கார்லோட்டாவின் கையில் இருக்கிறது.

பெத்சபே பேனாவை மறுபடி திறந்து, "சின்ன" என்ற சொல்லை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்:

நாளை ஞாயிறு. பூசை முடிந்ததும் கார்லோட்டா வீட்டுக்குப் போக வேண்டும். ஜாண்ட்ரியின் புருவக் காயத்துக்குப் பஞ்சும் மருந்தும் கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை அவனைக் கூட்டி வரும்படி கேட்க வேண்டும்.