காயாத நாற்பத்தோராம் தாள்

கௌசிகா எழுதிய நாற்பத்தோராம் தாள், மழையே காணாத ஆடி மாதத்தில் நனையத் தொடங்கி, ஆவணி பிறந்தும் காயவில்லை. பதுளையில் அப்பாவின் புடவைக்கடைக்கு மேல்மாடியில், ஒழுக்கில்லாத கூரைக்குக் கீழே அது இருந்தது. இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தாள், அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். காலையில் பார்த்தால் செம்மண் கலங்கிய தண்ணீர் சொட்டியது. நாற்பதாம் தாளும் நாற்பத்திரண்டாம் தாளும் அப்பளம்போல் கிடந்தன.

சைகை மொழி ஆய்வு ஒன்றுக்காகப் பல்கலைக்கழகக்காரர் அவளை அமர்த்தியிருந்தார்கள். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிறவியிலேயே காது கேளாத பெரியாயி கையால்தான் பேசுவாள். குரல் எட்டாத தூரத்தில் கொழுந்தெடுக்கும் மற்றப் பெண்களும் அந்தக் கைப்பேச்சையே பழகியிருந்தார்கள். சித்திரையில் அங்கே போய்க் குறிப்பெழுதிக்கொண்டே எடுத்த வீடியோவைப் பார்த்து, விரல், உள்ளங்கை, திசை, அசைவு என்று கௌசிகா குறியீட்டில் எழுத வேண்டும். கை செய்வதை மட்டும் எழுது, பொருளைப் பிறகு பார்க்கலாம் என்பது அவர்களுடைய விதி. நாற்பத்தோராம் தாளில், ஒரு கைக்கு அடியில் மறு கை ஊர்ந்து நழுவியது. அதை அச்சொட்டாக எழுதி, பொருளுக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு, தண்ணீரோடு தேயிலை வேரும் வந்தது. தாளை வாளியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவளைக் கண்டதும் பெரியாயி தலையைக் குனிந்து நாடியை நெஞ்சில் முட்டவைத்துக் காட்டிச் சிரித்தாள். “அதுதான் ஒங்க பேரு, மிஸ். தாளையே பாத்துக்கிட்டு இருப்பீங்கல்ல,” என்றான் அவள் புருஷன் மாரிசாமி. கௌசிகா நாற்பத்தோராம் தாளின் அசைவைத் தன் கையால் செய்து, என்ன என்று முதல்தடவையாகக் கேட்டாள். பெரியாயியின் சிரிப்பு நின்றது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிநின்ற லயத்துக்குப் பின்னால் இருந்த மலையைக் காட்டினாள்.

“மலைக்கு அடியில தண்ணி நடக்குது, வீட்ட விட்டுப் போங்கன்னு சொல்றா. ஆபீசுல சொன்னோம், மழையில்லாம ஏதுடா தண்ணின்னாங்க. அப்பறம் நீங்க வந்து எழுதிக்கிட்டுப் போனீங்க. எழுதியாச்சு, இனி பெரியாளுங்க பாப்பாங்கன்னு இருந்துட்டோம்.”

கௌசிகா நின்றபடியே தாளின் வெற்றிடத்தில் பொருளை எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். லயத்தின் பதினொரு காம்பராக்களில் குடியிருந்தவர்களும் அன்றே பாடசாலையில் தங்கப் போனார்கள். செவ்வாய்க்கிழமை பகல், மலை இறங்கி வந்து லயத்தின் மேல் உட்கார்ந்தது. மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போன லயத்துப் பெண் விஜயலெட்சுமி மட்டும் வரவில்லை.

யாரும் கௌசிகாவைக் குறை சொல்லவில்லை. பெரியாயி இப்போதும் நாடியை நெஞ்சில் வைத்துத்தான் அவளைக் கூப்பிடுகிறாள், சிரிப்பதில்லை. தாளைப் பார்த்துக் கையால் எழுதிய பிரதிகள் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போயிருக்கின்றன. துணிகளோடு கொடியில் போடுகிறார்கள். துணி காய்ந்து தாள் காயாவிட்டால், பிள்ளைகளையும் மாட்டையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.