மோட்டார் கொட்டகைக் கம்ப்யூட்டர்

முத்தமிழ்செல்வனுக்குப் புத்திக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பிடிவாதம்தான் ஒரு படி கூடுதல். பெரம்பலூர் கல்லூரியில் கடைசி வருடம். மக்காச்சோள இலையைப் போட்டோ எடுத்துக் காட்டினால் புழு விழுந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டரே சொல்ல வேண்டும். இதுதான் அவனும் வகுப்புத் தோழி அனுசுயாவும் சேர்ந்து செய்யும் புராஜெக்ட். ஆயிரக்கணக்கான போட்டோக்களைக் காட்டிப் பழக்க வேண்டும்; சாதாரணக் கம்ப்யூட்டர் திணறியது.

"கிளவுட்ல பெரிய கம்ப்யூட்டர மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்துக்கலாம்டா. வேலை முடிஞ்சா வுட்டுடலாம்" என்றாள் அனுசுயா.

"வாடகை மாட்டக் கட்டி எத்தன நாளு உழுவுறது? நம்ம கம்ப்யூட்டர்லயே மாட்டி வேகத்தக் கூட்ட சொந்தமா கிராபிக்ஸ் கார்டு இருந்தா காலத்துக்கும் ஆவும்" என்றான் இவன். உண்மையைச் சொன்னால், அதில் கேம் ஆடும் ஆசையும் இருந்தது. அதை யாரிடம் சொல்வான்?

அப்பா தர்மராஜ் மறுபேச்சுப் பேசவில்லை. வெங்காயம் விற்ற கையோடு திருச்சிக்குப் போய் வாங்கிக் கொடுத்தார். பின்னாலேயே கரண்ட் பில்லும் வந்தது. "இது கம்ப்யூட்டரா, மாவு மில்லாடா?" என்று அம்மா கலைமணி கத்தித் தீர்த்தாள்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. அவர்களுடைய அரும்பாவூர் வயலில் கிணற்று மோட்டாருக்கு இலவச கரண்ட். கம்ப்யூட்டரை மோட்டார் கொட்டகைக்குத் தூக்கிப் போய் ஒயரை இழுத்துவிட்டான்.

"வெவசாயத்துக்குக் குடுத்த கரண்டுடா" என்று அப்பா தயங்கினார்.

"இதுவும் சோளத்துக்குத்தானேப்பா!"

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார், பாவம்.

ஒன்பதாம் நாள் கரண்ட் ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்துவிட்டார்கள். "எவன்யா இத இழுத்தது?" என்றார் அதிகாரி. முத்தமிழ்செல்வன் மெல்ல அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான். அடச்சீ!

"நாந்தாங்க சார். பையனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று அப்பா முன்னால் வந்து, அதிகாரி நீட்டிய ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார். லைனைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். வயலில் மக்காச்சோளம் பால் பிடிக்கிற சமயம். நாலு நாள் தண்ணீர் இல்லையென்றால் கதிர் மணி பிடிக்காமல் சாவியாகிவிடும்.

மறுநாள் காலையில் முத்தமிழ்செல்வன் முதல் ஆளாகக் கரண்ட் ஆபீசில் போய் நின்றான். "சார், இழுத்தது நான்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் தம்பி. நேத்தே வாயத் தொறந்திருந்தா அதையும் எழுதியிருப்பேன். இப்ப சர்வீசும் அவரு பேருல, கையெழுத்தும் அவருது. போயிட்டு வா."

வயலுக்குத் திரும்பினான். பத்து வருடமாக முகம் கொடுத்துப் பேசாத பங்காளி அண்ணாதுரையின் வரப்பில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா தண்ணீர் கேட்டு நின்றார். அவர் இப்படி ஒருவர் முன்னால் குனிந்து நின்று இவன் பார்த்ததே இல்லை. அண்ணாதுரை ஒரு பாத்தி களையை வெட்டி முடித்துவிட்டுத்தான் சரியென்று தலையசைத்தார்.

"அப்பா, என்னத் திட்டுப்பா. நாலு அறை வேணும்னாலும் அறைஞ்சிடு" என்று அழுதுவிட்டான்.

"திட்டுனா தண்ணி வந்துருமா? ஓஸப் புடி" என்றார் தர்மராஜ். அவன் முகத்தை அவர் பார்க்கவில்லை.