இரவல் விரல்

மேசைக்கடியில் அவள் குந்தியிருந்தாள். மேலே டேப்லெட்டில் தெரியும் பெண்ணின் கண்ணில் பட்டுவிடாதபடி தலையைக் குனிந்துகொண்டாள். விரலில் கிளிப்பு கவ்வியிருந்தது.

அது அவள் விரலில் இருக்க வேண்டிய கிளிப்பு அல்ல. நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்த அவள் கணவரின் விரலில் இருக்க வேண்டியது. வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தே நுரையீரலைத் தேய்த்துக்கொண்ட மனிதர். மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தாள். கிளிப்பு காட்டும் ஆக்சிஜன் அளவும் நாடித்துடிப்பும் அவள் திரைக்கு நேராகப் போய்விடும். பயிற்சி தொடங்கும்போது பெயிண்டர் விரலை உயர்த்திக் காட்டுவார். கை கீழே இறங்கியதும் கிளிப்பு இடம் மாறிவிடும்.

"காலும் தெரியற மாதிரி வைங்கய்யா" என்று அந்தப் பெண் சொல்லாத நாளில்லை.

"மேசை இதுக்கு மேல நகராதும்மா" என்பார் இவர். ஒரு கையால் தள்ளினாலே நகரும் மேசை.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு வாரம்தான். ஆஸ்பத்திரியில் இவர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை இறுக்கினார்கள். பிய்த்து எறிந்ததும் கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் விடிவதற்குள் துணி மூடிக் கிடந்தார். வீடு திரும்பியதும் இவர் அவள் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, "செத்தாலும் இங்கதான். அளவு குறைஞ்சா திரும்ப அங்க கூப்பிடுவாங்க. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினாள்.

"ஐயா, மூச்சு எப்படி இருக்கு?"

"குதிரை மாதிரி... இருக்கேம்மா."

"குதிரை இப்படி இருமாதே!"

அந்தப் பெண் சிரித்தாள். இவரும் சிரிக்கப் பார்த்தார். விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. 

"ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு. நாடி நூத்தி இருபது. நல்லா உழைக்கிறீங்கன்னு இதுலயே தெரியுது. இன்னும் கொஞ்சம் வேகமா நடப்போமா?"

மேசைக்கடியில் இருந்தவள் தன் விரலிலிருந்த கிளிப்பைப் பார்த்தாள். அது உழைப்பின் நாடி அல்ல. அவளுடைய பயத்தின் நாடி. அவள் பயப்படப் பயப்பட, அந்தப் பெண் இவரை விரட்டுவாள். இவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து அவள் இன்னும் பயப்படுவாள். இத்தனை நாளாக இதுதானா நடந்தது? நெஞ்சை அடக்கப் பார்த்தாள். அடக்க அடக்க அது எகிறியது.

மேசைக்குப் பக்கத்தில் காலடிச் சத்தம் தடுமாறியது. அண்ணாந்து பார்த்தாள். அவர் உதடு நாவல்பழ நிறமாகியிருந்தது. கண்கள் அவளைப் பார்த்து, வேண்டாம் என்றன.

"ஐயா, முகம் ஒரு மாதிரி இருக்கே. வெளிச்சம் சரியில்லையா?"

"வெளிச்சம்... தான்."

அவ்வளவுதான். அவள் மேசைக்கடியிலிருந்து எழுந்தாள். தலை மேசையில் இடித்து டேப்லெட் குலுங்கியது. கணவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, கிளிப்பைக் கழற்றி அவர் விரலில் மாட்டினாள்.

"அம்மா? நீங்க எங்கிருந்து வர்றீங்க?"

"இவ்வளவு நேரமும் என் விரல்ல இருந்ததும்மா. எல்லா நாளும் என் விரல்தான்."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது. கிளிப்பில் எண் வரவில்லை; வெறும் கோடுகள்.

"எண்ணே வரலையே! என்னம்மா ஆச்சு?" என்று பெயிண்டரின் மனைவி அலறினாள்.

"விரல் சில்லுன்னு இருந்தா வராது. தேய்ச்சுச் சூடாக்குங்க. ஐயா, முன்னாடி சாஞ்சு முழங்கையை முட்டி மேல ஊனுங்க. உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

அவள் அந்த விரலை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். பெயிண்ட் கறை போகாத, பனிக்கட்டியாய்க் கிடந்த விரல். மறுபடி மாட்டினாள். எழுபத்தொன்பது.

"காட்டி... குடுத்துட்டியேடி."

"ஆமா. உயிரோட இருந்து திட்டுங்க."

அவர் திட்டவில்லை. திட்டுவதற்கு மூச்சு வேண்டுமே. திரையில் அந்தப் பெண் உதட்டைக் குவித்து ஊதிக்காட்டினாள், கணவர் ஊதினார், தன்னையறியாமல் அவளும் ஊதினாள். எண் மெல்ல ஏறியது. எண்பத்துமூன்றில் முரண்டு பிடித்து நின்றது.

"அங்க கையைக் கட்டுவாங்களா?" என்று அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

அந்தப் பெண் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். "கட்டாதீங்கன்னு நானே பேசறேன். நீங்க பக்கத்துல இருக்க விடச் சொல்றேன். ஆனா எதுவும் நிச்சயம்னு சொல்ல முடியாதும்மா."

தெருமுனையில் ஆம்புலன்ஸ் ஊளையிட்டது. கணவரின் விரல்கள் அவள் மணிக்கட்டில் நகம் பதியப் பிடித்தன. உதறித் தள்ளப்போகிறார் என்று நினைத்தாள். அவர் வாசலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருந்தது. அதைப் போடச் சொல்லி மோவாயால் காட்டினார்.

அவள் போட்டுவிட்டாள்.