நனையாத உத்தியோகம்

1954 ஆனிச் சாரலில், தென்காசி கூந்தல் தைலக் கம்பெனிக்காரர்கள் பதினாறு பேர் தலையில் மட்டும் குற்றாலம் பேரருவி விழ மறுத்தது. முதலாளி வீரபாகு அண்ணாச்சி போய் நின்றால் தண்ணீர் ஒதுங்கிப் பக்கத்து ஆள்மேல் விழுந்தது. நல்லெண்ணெயில் மெஷின் எண்ணெயைக் கலந்தால் வேறென்ன நடக்கும்? அண்ணாச்சி கலப்பதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தவர்கள் அவரை அறியாதவர்கள்.

"நாயத்தையும் கவனிக்கணும்லா. அதுக்குன்னு தனியா ஒரு ஆளப் போடுவோம்" என்றார் அவர். தனி மேஜை, மின்விசிறி, மாதம் தொண்ணூறு ரூபாய். ஒவ்வொரு அண்டா தைலத்துக்கும் 'கலப்படமில்லை' என்று கையெழுத்துப் போடுவதுதான் உத்தியோகம். பால்வண்ணநாதன் வந்து சேர்ந்து முதல் கையெழுத்தைப் போட்ட அன்று சாயங்காலமே பதினாறு பேரும் அருவியில் சொட்டச் சொட்ட நனைந்தார்கள். பால்வண்ணநாதன்மேல் மட்டும் ஒரு துளி விழவில்லை.

அதற்குப்பின் பத்து வருஷம் மழையும் அவரைத் தொடவில்லை. மனைவி குழல்வாய்மொழி குடம் குடமாக ஊற்றிப் பார்த்து, அலுத்துப்போய், தவிட்டைத் தேய்த்துத் துடைத்துவிடப் பழகினாள். அருவிக்குப் போனால் குளிக்க வந்தவர்கள் சட்டை, வேட்டி, கடிகாரத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், அவரிடம் இருந்தால் ஈரம் படாதல்லவா. உடம்பு தண்ணீருக்கு ஏங்கியது. மகன் தாணு பாளையங்கோட்டையில் படிப்பை முடிக்கட்டும், அன்றைக்கே இந்த எழவு வேலையை விட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

தாணு படிப்பை முடித்த வருஷம், வாசுதேவநல்லூர் உலகம்மாள் தலையெல்லாம் புண்ணாகி முடி கொட்டிய மகளைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கு வந்தாள். கம்பெனி அதையும் கவனித்தது. வருத்தக் கடிதம் ஒன்று, இலவசத் தைலம் இரண்டு பாட்டில். கொடுக்க வேண்டியவர் பால்வண்ணநாதன்.

"இத எங்கன தேய்க்க, ஐயா?" என்று மட்டும் கேட்டாள் உலகம்மாள்.

அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு அப்போதே வேலையை விட்டு வெளியே வந்தார்.

மறுநாள் காலை மகனோடு குற்றாலம் போனார். அருவி அவர் உச்சந்தலையில் மடேரென்று விழுந்தது. வெட்கம் பார்க்காமல் ஓவென்று அழுதார். பத்து வருஷத்து ஏக்கம்.

"ஏலே தாணு, ஏன் தள்ளி நிக்க? உள்ள வா."

"உள்ளதாம்ப்பா நிக்கேன். நேத்து சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டு உங்க வேலையக் குடுத்திட்டாவ, மொதக் கையெழுத்தும் போட்டாச்சு. நூத்திப்பத்து ரூவா."

பால்வண்ணநாதன் அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவன் வந்து நின்ற இடத்திலெல்லாம் தண்ணீர் ஒதுங்கியது. அதற்குள் இரண்டு பேர் வந்து தாணுவிடம் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பால்வண்ணநாதன் கரையில் வைத்திருந்த தம் மாற்று வேட்டியையும் எடுத்து மகன் தோளில் போட்டார். வீடு போய்ச்சேரக் காய்ந்த துணி வேண்டுமே.