மழைக்கு நிற்காத படம்

கேபிள் அறைச் சாவியைக் கொடுக்கச் சித்தப்பாவுக்கு மனமில்லை. ஒரு பையைத் தடவினார், இன்னொரு பையைத் தடவினார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"கொடுங்க சித்தப்பா. அப்பா உள்ள கிடக்கார், தெருவே விசிலடிக்குது. நல்லாவா இருக்கு?"

"இன்னிக்கு கிரிக்கெட் ஃபைனல்மா. ஜனங்க திட்டுவாங்க."

"திட்டட்டும். அப்பாவைத் திட்டாத திட்டா?"

அப்பா இந்தத் தெருக்களுக்கெல்லாம் கேபிள் கொடுத்தவர். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் அந்தத் தெருவுக்குப் போகிற இணைப்பை அவரே போய் அணைத்துவிடுவார். உடலை எடுத்த பிறகுதான் படம் வரும். தொடரின் கடைசி நாளாக இருந்தாலும் அதே சட்டம்தான். போன் போட்டுக் கத்துகிறவர்களிடம், "பக்கத்து வீட்டுல அழறாங்களே, காதுல விழலையா?" என்று கேட்பார். அதற்குமேல் யாரும் வாயைத் திறந்ததில்லை.

இன்று அவருக்கு அந்த மரியாதை கிடைக்க வேண்டும். மகளுக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை. பாதித் தெரு டிஷ் கம்பெனிக்காரனின் சின்னத் தட்டுக்கு மாறிவிட்டது அவளுக்கும் தெரிந்ததுதான். மீதிப் பாதியாவது கொஞ்ச நேரம் வாயை மூடட்டும்.

கூடத்தில் ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். அப்படியும் சத்தம் உள்ளே வந்தது. துக்கத்துக்கு வந்து புழுக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த தெருக்கோடித் தையல்காரர் தன் பங்குக்கு நொந்துகொண்டார்.

"கம்பெனிக்காரன் எச்.டி. பெட்டி இலவசம்னான், மொகத்துல இருக்கற மச்சம்கூடத் தெரியும்னான். நாங்களும் பல்லை இளிச்சுக்கிட்டு வாங்கினோம். மத்தவன் எல்லாரும் கடையைச் சாத்தினதும் வெலையை ஏத்திட்டான். மேட்ச்சுக்குத் தனி, சினிமாவுக்குத் தனி. உங்கப்பாகிட்டன்னா வாசல்ல நின்னு சண்டை போடலாம். இவன் நம்பருக்கு அடிச்சா பாட்டுப் போடறான்."

வெட்கமில்லாமல் அதை அப்பாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து சொன்னார்.

சித்தப்பா கடைசியில் சாவியைக் கொடுத்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை அவள் திறந்தாள். ஆள் நுழைந்தாலே வெக்கையடிக்கும் அறை அது. எப்போதும் சின்னச் சின்ன விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும். இப்போது இருட்டாக இருந்தது. சுவிட்சைப் போட்டாள். கருவிகளின் மேல் தூசி படிந்திருந்தது. ஒயர்களை வெட்டிச் சுருட்டி மூலையில் போட்டிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் அட்டைப்பெட்டிகள், கூரை வரைக்கும். எல்லாவற்றிலும் கம்பெனியின் முத்திரை.

அணைக்க அங்கே எதுவும் இல்லை.

"எப்போலேர்ந்து?" என்றாள், திரும்பாமலே.

"அண்ணன் படுத்த கொஞ்ச நாள்லயே. ஏஜென்சி தரேன்னான். மிச்சமிருந்த வீடுங்களையும் நானே மாத்திவிட்டேன். என்னம்மா பண்றது, நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

"அப்பா ரூம்ல டிவி ஓடிச்சே."

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு தட்டு வெச்சு, அதே பழைய ஒயர்லயே இழுத்து விட்டுட்டேன். அண்ணன் மனசு நோகக்கூடாது பாரு. அவருக்குக் கடைசிவரைக்கும் தெரியாதும்மா. நம்ம லைன்தான்னு நெனச்சு நிம்மதியாப் போனார்."

சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. திருடியது போதாதென்று, அதற்கு நன்றி வேறு எதிர்பார்க்கிறார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பெருமழை பெய்தது. அப்பா கட்டிலில் சாய்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். படம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, நின்றுபோனது. அப்பா திரையையே பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். மாடியிலிருந்த தன் பெரிய தட்டைப் பற்றி அவர் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. எவ்வளவு மழை கொட்டினாலும் நம்ம படம் நிக்காது, சின்னத் தட்டுக்காரன்தான் தூறலுக்கே படுத்துருவான் என்பார்.

"அணைச்சிடும்மா" என்றார் அன்று.

அதற்குப் பிறகு அவர் டிவியைப் போடச் சொன்னதேயில்லை. சித்தப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நோயின் அசதி என்று அவள் அப்போது நினைத்தாள். சித்தப்பாவிடமும் அப்படித்தான் சமாதானம் சொல்லி அனுப்பினாள்.

அவள் அறையைப் பூட்டவில்லை. கூடத்துக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தப்பா எதிரே, துண்டால் கண்ணைத் துடைத்தபடி. மேட்ச்சில் யாரோ அவுட்டாக, வெளியே தெருவே ஊளையிட்டது.

அப்புறம் இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் தகரத்தில் சொட்டுகள் விழுந்தன. பிறகு சோவென்று பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டில் வர்ணனை விக்கி விக்கி நின்றது. அடுத்த வீட்டில் பாதிச் சொல்லோடு நின்றது. கொஞ்ச நேரத்தில் தெருவில் மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

சித்தப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து அணைத்தார். மறுபடியும் அடித்தது. அணைத்தார். மறுபடியும்.

"எடுங்க சித்தப்பா" என்றாள் மகள். "மழை பேஞ்சா படம் நிக்கும்னு சொல்லுங்க. அப்பாவுக்குத் தெரியும்."

துண்டு பிடித்த கை அப்படியே நின்றது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து விட்டாள்.